மைக் கேக்கலைங்க

என் மகள் காலேஜ் முடிந்து ஏரியூருக்கு வருகிற சாயங்கால பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அவள் படிப்பையும் நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. கிராம சபையில் நானே பேசுகிறேன் என்றேன்.

சரித்திரத்தில் பேர் வாங்கிய பேச்சுகளையெல்லாம் ஒரு வாரம் செல்போனில் கேட்டேன். யார் எங்கே குரலை உயர்த்துகிறார்கள், எங்கே நிறுத்துகிறார்கள் என்று கவனித்து, அதே மாதிரி ஒன்றை மனப்பாடம் செய்தேன்.

அன்றைக்கு மைக்கைப் பிடித்து, "சரித்திரம் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது" என்றேன். அதோடு சரி. அடுத்த வரி வரவில்லை. கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. முன்னால் இருந்த அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

பின்வரிசையில் முன்பின் தெரியாத ஒரு அம்மா எழுந்தார். "மைக் சரியில்லைங்க, ஒண்ணும் கேக்கல. முதல்ல இருந்து சொல்லுங்க!"

மைக்செட்காரர் ஓடிவந்து ஒயரை ஆட்டிப் பார்த்தார். அதற்குள் எனக்கு மூச்சு வந்துவிட்டது. "பஸ் இல்லைன்னா எம்பொண்ணு படிப்ப விட்டுட்டு வூட்லதான் இருக்கணுங்க" என்று ஆரம்பித்தேன். மீதி தானாக வந்தது. அதிகாரி குறித்துக்கொண்டார்.

கூட்டம் முடிந்ததும் அந்த அம்மாவிடம் போய், "இப்ப மைக் கேட்டுச்சாங்க?" என்றேன்.

"அப்பவே நல்லாத்தான் கேட்டுச்சுங்க" என்று சிரித்தார்.

பஸ் திரும்ப வந்துவிட்டது. இப்போதெல்லாம் எந்தக் கூட்டத்திலும் நான் பின்வரிசையில்தான் உட்காருகிறேன். பேசுகிறவர் யாராவது பாதியில் திணறினால், எனக்கு மைக் சரியாகக் கேட்பதில்லை.