இறுக்கிச் சுற்றிய பிலிம் சுருள்

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரே ஒரு போட்டோதான் இருந்தது. அதில் என் அம்மா பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பாள். மடியில் எட்டு மாதக் குழந்தை, நெற்றியில் பெரிய பொட்டு, கழுத்தில் பூமாலை, கண்கள் மூடியிருக்கும். சின்ன வயதில் நான் அது தூங்குகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது எனக்கு முன்னால் பிறந்த அண்ணன். உயிர் போன பிறகு, வீட்டை விட்டு எடுத்துப்போவதற்குள், நைனா, என் அப்பா, ஓடிப்போய் ஸ்டுடியோக்காரரைக் கூட்டிவந்து எடுத்த படம்.

காஞ்சிபுரத்தில் எங்கள் நெசவுத் தெருவில் இப்படிப்பட்ட படம் வேறு சில வீடுகளிலும் உண்டு. கல்யாணத்துக்குக்கூடப் போட்டோ எடுக்காதவர்கள் இதற்கு எடுத்தார்கள். முகம் மறந்துபோய்விடுமே என்ற பயம், வேறொன்றுமில்லை. அம்மா என் கல்யாணத்துக்கு இரண்டு வருடம் முன்பே போய்விட்டாள். அவளை வேறு எப்போதும் யாரும் படம் எடுக்கவில்லை. எனக்கு அம்மா முகம் பார்க்க வேண்டுமென்றால் அழுது வீங்கிய அந்த முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அறுபதுகளில், ரேஷன் அரிசிக்குக் கால் கடுக்க நின்ற ஒரு வருடம், என் மகள் பிறந்தாள். பிரசவத்துக்கு என் மனைவியைத் தாமலில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்ப நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். மகள் எங்கள் நல்ல நாளுக்கெல்லாம் காத்திருக்கவில்லை. எட்டாம் மாதமே வந்துவிட்டாள். ஒரு கையில் தூக்கினால் மறு கை சும்மா இருக்கும், அவ்வளவுதான் இருந்தாள். டாக்டரம்மா பஞ்சில் சுற்றிக் கொடுத்து, "மூணு மாசம் தாண்டட்டும், அப்புறம் பேசலாம்" என்றார். அப்புறம் எதைப் பேசுவது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மறுவாரமே நான் ஒரு கேமரா வாங்கினேன். நான் குமாஸ்தாவாக இருந்த பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் மாற்றலாகிப் போகும்போது விற்றுவிட்டுப்போன பழைய பெட்டிக் கேமரா அது. எதற்கு வாங்கினாய் என்று கேட்டவர்களிடம் சும்மா ஒரு ஆசை என்றேன். ஆசையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மாலை போட்டு, கண் மூடி, என் மனைவியின் மடியில் இன்னொரு படம் அந்தச் சுவரில் ஏறிவிடுமோ என்ற பயம். அதற்குள் கண் திறந்திருக்கிற படம் ஒன்றாவது எடுத்துவிட வேண்டும். இதை நான் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

கேமரா கையில் வந்த அன்றைக்கே நைனா பார்த்துவிட்டார். தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருந்தவர், நெய்வதை நிறுத்தாமலே கேட்டார்.

"இன்னாடா அது, டப்பா?"

"கேமரா, நைனா."

"கொழந்தைய எடுக்கறதுக்கா? ஒரு வருசம் ஆவறதுக்குள்ள போட்டோ எடுத்தா ஆயுசு கொறயும். அந்தப் பக்கமே போவாத."

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அன்றைக்கும் வந்தது. அந்தச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தை எடுக்க வைத்ததே நீதானே என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அதற்குப் பதிலாக ஒரு பொய் சொன்னேன். குழந்தைக்குத் தினம் காலையில் கொஞ்ச நேரம் இளவெயில் காட்ட வேண்டும், டாக்டரம்மா சொன்னார் என்றேன். அந்தக் கேமராவுக்கு வெயில் இல்லாமல் ஒன்றும் விழாது, அதனால்தான். டாக்டர் சொன்னால் நைனா மறுபேச்சுப் பேசமாட்டார்.

காலையில் அவர் தெருவில் பாவு விரிக்கப் போய்விடுவார். ஒரு சேலைக்கு வேண்டிய பட்டிழை முழுவதையும் தெரு நீளத்துக்குக் கட்டி, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்துக்கொண்டே நடப்பார்கள். குனிந்த தலை நிமிராது. அந்த நேரத்தில் நானும் மனைவியும் குழந்தையைக் கிணற்றடிக்குத் தூக்கிப்போவோம். திருடர்கள் மாதிரிதான். நான் கேமராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மேலே இருக்கும் சின்னக் கண்ணாடியில் குனிந்து பார்ப்பேன். அவள் வாசல் பக்கம் ஒரு காதை வைத்துக்கொண்டே குழந்தையைத் தூக்கிப் பிடிப்பாள்.

"சீக்கிரம் புடிங்க. மாமா குரல் கிட்ட கேக்குது."

"கண்ண மூடிக்கிட்டிருக்காளே."

"வெயிலு கூசுது அவளுக்கு. நீங்க இன்னா, கண்ணத் தொறந்துக்கினா நிக்கிறீங்க?"

ஒரு சுருளில் பன்னிரண்டு படம். பின்பக்கத்தில் சிவப்புக் கண்ணாடி வழியாக எண் தெரியும். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் எடுப்பதில்லை என்று வைத்திருந்தேன். மழை, மப்பு, குழந்தைக்குச் சளி என்று எத்தனையோ நாள் விட்டுப்போனதால் இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. முதல் படத்தில் என் கட்டைவிரல்தான் விழுந்திருக்கும், அது எனக்கே தெரியும். நாலாவதில் அவள் அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். ஏழாவதில் கொட்டாவி. ஒன்பதாவதை எடுக்கும்போது கிணற்றுக் கயிறு உருளையில் கிறீச்சென்றது, அவள் திரும்பிப் பார்த்தாள். சத்தம் கேட்கிறது என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் நிச்சயமாகத் தெரிந்தது. மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டே கிணற்றைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தாள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கேமரா வருகிற வரைக்கும் நான் என் மகளைச் சரியாகப் பார்த்ததில்லை. பார்த்தால் மனசு ஒட்டிக்கொள்ளும், ஒட்டிக்கொண்டபின் போய்விட்டால் தாங்காது என்று வேலை வேலை என்று ஓடிக்கொண்டிருந்தேன். குனிந்து கண்ணாடியில் பார்க்க ஆரம்பித்த பிறகு ஓட முடியவில்லை. காதுமடலில் பூனை முடி, கீழுதட்டில் ஒரு சின்னப் பிளவு, வலது புருவம் இடதைவிடக் கொஞ்சம் மேலே. அப்பனாக நான் செய்ய வேண்டியதை அந்தப் பழைய டப்பா எனக்குச் செய்ய வைத்தது. அதற்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

பன்னிரண்டாவது படம் எடுத்த அன்று சாயங்காலம் சுருளை வெளியே எடுத்தேன். பிலிமோடு சேர்த்துச் சுற்றியிருக்கும் காகிதத்தின் நுனியை நாக்கில் ஈரப்படுத்தி ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்குள் உள்ளேயிருந்து மனைவி அலறினாள். குழந்தைக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது, பால் இறங்கவில்லை, கண் செருகியிருந்தது. சுருளை அப்படியே மாடத்தில் போட்டுவிட்டு ஜட்கா வண்டி பிடிக்க ஓடினேன்.

எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். நைனா தினமும் மத்தியானம் சோறு கொண்டுவருவார். வார்டு வாசலிலேயே நின்று தூக்கை என்னிடம் நீட்டிவிட்டு, குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்காமல் என் முகத்தை மட்டும் பார்ப்பார். பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஆறாம் நாள் பாலுக்கு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு வார்டில் பக்கத்துக் கட்டில்காரிகள்கூடச் சிரித்தார்கள்.

எட்டாம் நாள் டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு, "மூணு மாசமும் தாண்டியாச்சு. இனிமே பயம் இல்ல, தூக்கிட்டுப் போங்க" என்றார். பிறகு குழந்தையைத் திருப்பிப் பார்த்தபடி கேட்டார். "தினம் காலை வெயில் காட்டினீங்களா?"

"நீங்கதான சொன்னீங்க?" என்றாள் என் மனைவி.

"நான் சொல்லலயே. பரவாயில்ல, நல்லதுதான் பண்ணியிருக்கீங்க."

மனைவி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். நான் கூரையில் மின்விசிறி எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஜட்காவில் ஏறியதும் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வீடு வரும்வரை சிரித்தாள், நடுவில் அழுதாள், மறுபடி சிரித்தாள். எனக்குப் பசித்தது. எட்டு நாளாக வயிறு என்று ஒன்று இருந்ததே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பழைய சோற்றை மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டேன். மார்மேல் இருந்த பாறாங்கல்லை யாரோ இறக்கிவைத்த மாதிரி, படுத்த இடத்திலேயே தூங்கிப்போனேன்.

மறுநாள் மாடத்திலிருந்து சுருளை எடுத்து, எப்படி இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் ஸ்டுடியோவில் கொடுத்தேன். மூன்று நாள் கழித்துப் போனபோது, ஸ்டுடியோக்காரர் கழுவின பிலிமைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். முனையிலிருந்து முனைவரை ஒரே கறுப்பு.

"வெளிச்சம் பட்டுக்கிது சார். ஒண்ணுகூடத் தேறல."

நான் கத்திவிட்டேன். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கழுவினீரா, மருந்து பழசா, எங்கள் வீட்டுக் குழந்தை உமக்கு விளையாட்டா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். அவர் நான் மூச்சு வாங்குகிற வரைக்கும் பொறுத்திருந்தார்.

"சண்ட போடாத சார். இத்தினி வருசத்துல இவ்ளோ இறுக்கமா சுத்தின ரோல நான் பாத்ததே இல்ல. கம்பெனிலருந்து வரதே இப்பிடி இருக்காது. அவுக்கறதுக்குள்ள எனக்கு வெரல் நோவு வந்துடுச்சி. யாரோ முழுசாப் பிரிச்சி, மறுபடியும் சுத்திக்கிறாங்க."

தறி ஓடுகிற வீட்டில் வளர்ந்தவனுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. நெய்யும்போது குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற நூலைக் குச்சியில் சுற்றுவதைத் தார் சுற்றுவது என்போம். தார் தொளதொளவென்று இருந்தால் நெய்யும்போது நூல் சிக்கும், அறுந்துபோகும், சேலையில் பழுது விழும். சின்ன வயதில் நான் சுற்றின தாரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, தளர்ந்திருந்தால் நைனா என் தலையிலேயே தட்டுவார். எங்கள் வீட்டில் எதையும் தொளதொளவென்று சுற்றி வைக்க முடியாது. வைத்தால் அவர் கை சும்மா இருக்காது.

சைக்கிளை மிதித்துக்கொண்டு வரும்போது கேட்க வேண்டியதை வரிசையாக அடுக்கிக்கொண்டே வந்தேன். தெரியாத பொருளைத் தொடாதே என்று எனக்குச் சொல்லத் தெரிந்தவருக்குத் தனக்குச் சொல்லிக்கொள்ளத் தெரியாதா? போட்டோவே கூடாது என்றவருக்குப் பிலிமில் என்ன வேலை? வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் தறியில் இருந்தார். மனைவி சமையல்கட்டில் இருந்தாள். குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"நைனா, மாடத்துல ஒரு சுருள் வெச்சிருந்தேனே. அத நீ தொட்டியா?"

"ஆமா." தறி நிற்கவில்லை. "தொளதொளன்னு அவுந்துக்கினு இருந்துச்சி. உள்ள இன்னா கீதுன்னு வாசல்ல வெளிச்சத்துல வெச்சிப் பாத்தேன். ஒண்ணும் தெரியல. சரின்னு ஒழுங்கா இழுத்து சுத்தி வெச்சேன். ஏன், அவுந்துடுச்சா?"

"நீதான போட்டோவே எடுக்காதன்னு சொன்ன? அத ஏன் நீ தொடணும்?"

என் குரல் உயர்ந்ததும் அவர் நெய்வதை நிறுத்தினார். என்னைப் பார்க்காமல், நெய்துகொண்டிருந்த கரையை விரலால் தடவிக்கொண்டே பேசினார்.

"நீங்க ஆஸ்பத்திரில இருக்கிறீங்க. நாலாம் நாளு உன் மூஞ்சப் பாத்தேன், கொழந்த இனிமே இல்லன்னு நெனச்சிட்டேன். வீட்டுக்கு வந்தா அது அங்க அவுந்துக்கினு கெடக்குது. அதுலதான கொழந்த கீது? அதுவும் கெட்டுடுச்சின்னா உன் பொண்டாட்டிக்கு நான் இன்னாத்தக் காட்டுவேன்? உங்கம்மாவுக்குத்தான் நான் அப்பிடி ஒண்ணு எடுத்துக் குடுத்துட்டேன். சாவற வரிக்கும் அதப் பாத்துப் பாத்து அழுதா. இவளுக்காவது நல்லா இருக்கறது ஒண்ணு பத்திரமா இருக்கட்டும்னுதான்."

நாலாம் நாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்துபோய், யாருமில்லாத வீட்டில் தனியாக உட்கார்ந்து, கறுப்பாய்ப் போகப்போகிறது என்று தெரியாமல் அந்தப் பிலிமை இழுத்து இழுத்துச் சுற்றியிருக்கிறார். எனக்கு அவர்மேல் கோபம் வர இனி வழியே இல்லை. படம் போனது ஒரு பொருட்டாகவும் தோன்றவில்லை. படத்தில் இருக்க வேண்டியவள் தூளியில் காலை உதைத்துக்கொண்டு விழித்துவிட்டாள்.

"படம் வந்துடுச்சா?" என்று கேட்டார்.

"இல்ல நைனா. வெயிலு பத்தலயாம். ஒண்ணும் விழலன்னுட்டான்." மறுபடியும் வெயில்மேல்தான் பழியைப் போட்டேன். வேறு பொய் எனக்கு வராது போலிருக்கிறது.

அவர் தறியை விட்டு எழுந்து வந்து தூளியை விலக்கிக் குழந்தையைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து அவர் அவ்வளவு கிட்டத்தில் வந்து அவளைப் பார்த்தது அன்றைக்குத்தான். நான் ஒருவன் மட்டும் ஓடிக்கொண்டிருக்கவில்லை என்று எனக்கு அப்போது புரிந்தது.

"கெணத்தடிலதான எடுத்தீங்க?" என்றார். "உங்க சிரிப்பு தெருவரிக்கும் கேக்கும்."

தூளியை ஒரு தடவை ஆட்டிவிட்டார்.

"போனாப் போவுது விடு. இனிமே இன்னா அவசரம்? மெதுவா எடு."

எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எதற்குக் கேமரா, எதற்குப் பொய், எதற்கு இரண்டு பேரும் தினம் கிணற்றடிக்குப் போனோம் என்று எல்லாமே. தடுக்கவும் மனசில்லாமல், சரி என்று சொல்லவும் பயந்துகொண்டு, பாவு இழைகளைப் பார்த்தபடி தலை நிமிராமலே இருந்திருக்கிறார். நான் கொல்லைப் பக்கம் போய் முகம் கழுவுகிற சாக்கில் நிறைய நேரம் நின்றேன்.

அடுத்த சுருள் வாங்க எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. நடுவில் ஒரு நாள்கூட அதன் நினைப்பு வரவில்லை.