கலிங்கை அடைத்த மணல் மூட்டைகள்

ஊட்டியை அடுத்த எமரால்டு ஊர்ப் பக்கம் எங்கள் கேரட் தோட்டத்துக்கு நேர் மேலே ஒரு ரிசார்ட் இருக்கிறது. விருந்தாளிகள் படகு விடுவதற்காக ஓடையை மறித்து, மண் கரை போட்டுக் குளமாக்கியிருக்கிறார்கள். போன வருஷம் மழை தொடங்கியபோது கரையின் கீழ்ப்பக்கம் தண்ணீர் கசிவதைப் பார்த்தேன். மேலே ஏறிப் போனால், உபரித் தண்ணீர் வெளியேற விட்டிருந்த கலிங்கை மணல் மூட்டை அடுக்கி அடைத்திருந்தார்கள்.

"ஏனுங்க, தண்ணி கரை மேல ஏறிச்சுன்னா மண்ணு நிக்குமுங்களா?" என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"தண்ணி கொறஞ்சா படகு தரை தட்டுதுங்க. சீசன் முடியட்டும், எடுத்தர்றோம்," என்றார்.

ஊட்டிக்கு மனு கொண்டுபோனேன். ஓர் அலுவலகத்தில், தனியார் குளம் தங்கள் பொறுப்பில்லை என்றார்கள். அடுத்த அலுவலகத்தில், கரை உடைந்தால் வந்து சொல்லச் சொன்னார்கள். உடைந்த பிறகு சொல்வதற்கு நான் இருக்க வேண்டாமா?

அடுத்த மூன்று நாள் மழை விடவே இல்லை. தண்ணீர் கரை விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது. நானும் வீட்டுக்காரரும் போய் மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டோம். கலிங்கு வழியாகப் பாய்ந்த தண்ணீர் எங்கள் ஓரத்துப் பாத்திகளை அடித்துக்கொண்டு போனது. கரை தப்பியது.

மழை விட்டதும் ரிசார்ட்காரர்கள் மூட்டைகளைத் திரும்ப அடுக்கினார்கள். அத்துமீறி நுழைந்ததாக எங்கள்மேல் புகாரும் கொடுத்தார்கள். அதை விசாரிக்க மட்டும் அன்றைக்கே போலீஸ் ஜீப் வந்துவிட்டது. வந்தவரைக் கையோடு கூட்டிப்போய்க் கசிவைக் காட்டினேன்.

"அது எங்க டிபார்ட்மெண்ட் இல்லீங்கம்மா," என்றார்.