கருவி பார்க்காத மழை

வயலிலிருந்து வழிந்தோடும் மழைநீரை அளப்பது என் உத்தியோகம். சொன்னால் எதிரே இருப்பவர் ஒரு மாதிரி பார்ப்பார். போகிற தண்ணீரை அளந்து என்னடி செய்யப்போகிறாய் என்று அக்ரஹாரத்து வீட்டில் என் அம்மாவே இன்னும் கேட்கிறாள். முன்பெல்லாம் வரிந்துகட்டிக்கொண்டு விளக்குவேன். இப்போது காபியைக் குடித்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்துவிடுகிறேன்.

கர்நாடகத்தில் குண்டலுபேட்டைப் பக்கம் ஒரு சரிவு. மேலே செண்டுமல்லி, நடுவில் சூரியகாந்தி, அடியில் ராகி. அத்தனை வயலின் தண்ணீரும் இறங்குகிற ஓடையின் குறுக்கே ஒரு சின்னச் சுவர் கட்டி, நீர்மட்டத்தைத் தானே பதியும் கருவி ஒன்றை எங்கள் அலுவலகம் வைத்திருந்தது. பல வருஷத்து எண்களைப் பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பெரும்பாலான நாள் ஓடை காய்ந்து கிடக்கும். வருஷத்துத் தண்ணீரில் பெரும்பங்கு ஏதோ இரண்டு மூன்று மழையிலேயே போய்விடும், மேல்மண்ணையும் சேர்த்துக்கொண்டு. அப்பேர்ப்பட்ட இடத்தில் சராசரி, சராசரி என்று யாராவது பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சரிவின் கடைசி நிலம் ஒரு அம்மாளுடையது. தமிழ்க் குடும்பங்கள் நிறைய உள்ள ஹனூர்ப் பக்கத்திலிருந்து அங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில், நான் போகும்போதெல்லாம் வேலையைப் போட்டுவிட்டு வரப்புக்கு வந்துவிடுவார். அவர் நிலத்தை ஒட்டிக் கல் வாய்க்கால் ஒன்று கட்டித்தருவதாக ஒரு திட்டம் வந்திருந்தது. எவ்வளவு அகலம் என்பது எங்கள் எண்களைப் பொறுத்தது. அகலம் போதாவிட்டால் வெள்ளம் கரை தாண்டி நேரே அவர் ராகிக்குள்தான் இறங்கும்.

அந்தக் கோடையில் ஒரு சாயங்காலம் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. மறுநாள் காலையில் ஜீப்பில் போய் இறங்கினால், அந்த அம்மாளின் நிலத்தில் ஓடையோரத்துப் பட்டை முழுக்கக் காணோம். எங்கள் கருவியையும் காணோம். கீழே முள்ளுக்குள் மண் அடைத்துக் கிடந்தது. முதல் வெள்ளத்திலேயே பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது. அதில் ஒரு எண்கூடப் பதியவில்லை. ஆனால் கரையிலிருந்த புங்கமரத்தில் என் தோள் உயரத்துக்குச் சேற்றுக்கோடு நின்றது. நாடாவின் ஒரு முனையை அந்த அம்மாள் பிடித்துக்கொள்ள, உயரத்தையும் ஓடையின் அகலத்தையும் அளந்து, வந்த வெள்ளத்தைக் கணக்குப் போட்டேன். இப்படிக் கணக்கிடுவது எங்கள் தொழிலில் உள்ள வழக்கம்தான்.

கிளம்பும்போது ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “அம்மணி, நீங்க கண்ணால பாத்தத அப்படியே எழுதிப்போடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

எழுதினேன். என் மேலதிகாரி நல்ல மனுஷர்தான், அதுதான் இன்னும் எரிச்சல். மரத்துக் கோடு வெறும் யூகம், கருவி பதிந்தது மட்டுமே எண் என்றார். அந்த ஒரு புள்ளியைச் சேர்த்தால் வரைபடத்தில் மொத்தக் கோடும் சாய்ந்துவிடுமாம். சாயட்டுமே, வெள்ளம் வந்தது நிஜம்தானே என்று கத்தினேன். “ஹோக்லி பிடி மேடம்” என்றார். கன்னடத்தில் போகட்டும் விடுங்கள் என்று அர்த்தம். அவருக்கு மேலே உள்ளவர்களுக்கும் எழுதிப் பார்த்தேன். பதிலே இல்லை. கருவி பதியாத அந்த நாளின் வெற்றிடத்தைப் பக்கத்து ஓடையின் எண்ணை வைத்து நிரப்பினார்கள். அன்று அந்த ஓடைப் பக்கம் புழுதி அடங்குகிற அளவுக்குத்தான் தூறியிருந்தது. கணக்கு அழகாகப் பொருந்திவிட்டது. எல்லாருக்கும் ஒரே குஷி.

வாய்க்கால் வந்தது. கல் அடுக்கி, பூசி, பார்க்க லட்சணமாக, ஒடுக்கமாக. அந்த அம்மாள் அதன் பக்கத்தில் நின்று, அந்த மழை கணக்கிலேயே வரவில்லையா என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. மீதி நிலத்தில் ராகி விதைக்கப் போய்விட்டார், வேறென்ன செய்வார்?

அடுத்த வருஷமே அதுபோல இன்னொரு மழை. புதுக் கருவியை உயரமான குழாயில் வைத்திருந்தோம். முதல் துளியிலிருந்து கடைசிவரை எதையும் விடாமல் பதிந்திருந்தது. இப்படி முழுசாக ஒரு வெள்ளம் கிடைத்ததே இல்லை என்று அலுவலகத்தில் திரையைச் சுற்றிக் கூட்டம். இனி வாய்க்காலை இரண்டு மடங்கு அகலமாக்கச் சொல்லலாம், ஆதாரம் இருக்கிறது என்றார் மேலதிகாரி. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

அதைச் சொல்லத்தான் போனேன். நிலம் இருந்த இடத்தில் அடிப்பாறை கழுவிவிட்டதுபோல் கிடந்தது. அந்த அம்மாள் அதன் மேல் செருப்பில்லாமல் நின்றிருந்தார். வாய்க்காலை அகலமாகக் கட்டப்போகிறார்கள் என்றேன்.

“கட்டட்டுங்க அம்மணி” என்றார். “இனி எத்தன தண்ணி வந்தாலும் எனக்குப் பயமில்லீங்க. கொண்டுட்டுப் போறதுக்கு இங்க மண்ணில்ல.”