லெயோனுக்கு அடுத்த வரி

கனடாவின் ஜான்-டலோன் சந்தையில் தோடம்பழப் பெட்டி இறக்குகிறவனுக்கு லத்தீன் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ரதீசனின் மனைவி கௌரியே கேட்டாள். பெட்டியில் வலென்சியா என்று அச்சடித்திருந்தது. அது என்ன பெயர் என்று தேடப்போனவன் நான்கு குளிர்காலம் அதிலேயே கிடந்தான். அது ரோமர் வைத்த ஊர்ப்பெயர்; லத்தீனில் வலிமை என்று பொருளாம். சரகோசா என்ற ஊர்ப்பெயருக்குள் அகஸ்டஸ் சீசரின் பெயர் தேய்ந்து கிடக்கிறதாம். மெரிடா, ஓய்வுபெற்ற ரோமச் சிப்பாய்களைக் குடியேற்றிய ஊராம். எல்லாவற்றையும் மகள் றொஷினியின் பழைய பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதினான்.

ஆசை ஒன்றுதான். தமிழ்ச் சங்க ஆண்டு மலரில் அது தன் பெயரோடு வரவேண்டும். அப்பா பெட்டி தூக்குகிறவர் மட்டுமில்லை என்று பதினான்கு வயது றொஷினி காணவேண்டும்.

மலராசிரியர் அவனுடைய அக்காவின் புருஷன் இரவிச்சந்திரன். ரதீசனைக் கனடாவுக்குக் கூப்பிட்டு எடுத்தவர். “தாடா தம்பி, நான் டைப் அடிச்சுப் போடுறன்,” என்று கொப்பியை வாங்கிக்கொண்டார். ரதீசன் படியெடுத்து வைக்கவில்லை. சொந்த அத்தானிடம் கொடுப்பதற்கு யாராவது படியெடுப்பார்களா?

விழாவன்று மண்டப வாசலில் மலர் கொடுத்தார்கள். கட்டுரை இருந்தது. மேலே கோட்டுப் போட்ட அத்தானின் படமும் பெயரும். ரதீசன் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். தன் பெயர் எங்குமே இல்லை. எழும்பப் போனவனின் கையைக் கௌரி பிடித்தாள்.

“பேசாமல் இருங்கோ. அவர் கூப்பிடாட்டி நாங்கள் இங்கை இல்லை.”

உண்மைதான். பாழாய்ப்போன உண்மை. இருந்துவிட்டான்.

மேடையில் அத்தான் கட்டுரையை வாசித்துக்கொண்டே லெயோனுக்கு வந்தார். ரோமப் படை முகாம் அடித்த இடம், படையைக் குறிக்கும் லத்தீன் சொல்லே ஊருக்குப் பெயராயிற்று என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம் மனுசன். கொப்பியில் அடுத்த வரியும் இருந்ததே!

“போர் முடிந்தபின் முள்ளுக்கம்பி முகாமுக்குள் நானும் ஒன்பது மாதம் இருந்தவன்,” என்று குரல் தழுதழுக்க வாசித்தார். போர் முடிய இருபத்துமூன்று வருடம் முன்பே, எண்பத்தாறிலேயே விமானம் ஏறி வந்தவர்! சபை கைதட்டியது. யாரோ கண்ணைத் துடைத்தார்கள்.

றொஷினியும் தட்டினாள். பிறகு தகப்பனின் காதோடு கேட்டாள்.

“அப்பா, மாமாவும் முகாமிலை இருந்தவரே? நீங்கள் ஒருநாளும் உங்கடை கதையைச் சொன்னதில்லை. அவர் எவ்வளவு வடிவாச் சொல்லுறார்!”

கௌரியின் கை இன்னும் அவன் கைமேல் இருந்தது.

“ஓம் பிள்ளை,” என்றான் ரதீசன். “வடிவாத்தான் சொல்லுறார்.”