முதலாளிக்கும் மேலே செல்வி அக்கா

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் வெப்சைட்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அதில் 'எங்கள் குடும்பம்' என்று தொழிலாளர் படங்கள் போடும் பக்கம் ஒன்று உண்டு. படங்களின் வரிசையை மாற்ற மேனேஜர் ஓயாமல் என்னைக் கூப்பிடுவார். அந்த பேஜார் தாங்காமல், மவுஸால் பிடித்து இழுத்தாலே வரிசை மாறும்படி அட்மின் பக்கத்தில் ஒரு வசதி செய்து கொடுத்தேன். வெப்சைட் கட்டும் ஜாங்கோ மென்பொருளோடு மல்லுக்கட்டிச் செய்த வேலை. பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் வந்தார். அவர் உள்ளே வருவதற்குள் மேனேஜர், தையல் செக்‌ஷன் செல்வி அக்காவின் படத்தை இழுத்து முதலாளிக்கும் மேலே வைத்தார்.

"லேடீஸுக்கு முதலிடம்னு அவங்க பாக்கணும்மா."

பையரின் கார் கேட்டைத் தாண்டியதும், அதே மவுஸால் அக்காவைக் கடைசிக்கு இழுத்துவிட்டார்.

சாயங்காலம் அக்கா போனும் கையுமாக ஆபீஸ் ரூமுக்கு வந்தார். "காலைல நான்தாம்மா ஃபர்ஸ்ட்ல இருந்தேன். வீட்டுக்காரர்கிட்ட காட்டலாம்னு பார்த்தா அங்க காணோம். இன்னா ஆச்சு?"

மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதோ கோளாறுக்கா" என்றேன்.

"சரி பண்ணிடும்மா" என்று சிரித்துவிட்டுப் போனார்.

இப்போதும் பையர் வந்தால் அக்கா மேலே ஏறுகிறார், கார் கிளம்பினால் இறங்குகிறார். நான் செய்த வசதியில் இன்றுவரை ஒரு கோளாறும் வந்ததில்லை.