கொல்லையில் போட்ட நாற்றங்கால்

எங்கள் ஊர் முத்துப்பேட்டைக்குப் பக்கம். கடைமடை. காவிரித் தண்ணீர் மற்ற ஊர்களையெல்லாம் பார்த்துவிட்டு, மிச்சம் இருந்தால் எங்களையும் எட்டிப் பார்க்கும். போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான். அதனால் வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகுதான் இங்கே யாரும் விதை நெல்லை ஊறவைப்பார்கள். நான் வாட்ஸ்அப் குழுவில் ‘நாளை நம்ம வாய்க்காலுக்குத் தண்ணீர்’ என்று பார்த்ததுமே ஊறவைத்துவிட்டேன்.

ஏன் அந்த அவசரம் என்று சொல்ல வேண்டும். மாமனார் போன வருஷம் தவறிவிட்டார். கணவர் சிங்கப்பூரில். வீட்டில் நான், மாமியார், பத்து மாதப் பெண் குழந்தை. நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிடலாம் என்று மாமியார் முடிவு செய்திருந்தார். வாங்கிக்கொள்ள மாமனாரின் தம்பி, எங்கள் சின்ன மாமா, தயாராக இருந்தார். நான்தான் குறுக்கே நின்றேன். இந்தச் சம்பாவை நான் செய்கிறேன், நடவு நல்லபடியாகப் பச்சை பிடிக்காவிட்டால் அடுத்த நாளே அவரிடம் கொடுத்துவிடலாம் என்றேன்.

“பச்சப்புள்ளய வச்சிக்கிட்டு வெவசாயமா? நீ படிச்சது கெமிஸ்ட்ரிதானே?” என்றார் மாமியார்.

“மண்ணுலயும் அதான் இருக்கு அத்தை.”

“வாய் இருக்கு உனக்கு. அதான் இருக்கு.”

பிள்ளை பெற்றதிலிருந்து எல்லோரும் என்னை உட்கார வைப்பதிலேயே குறியாக இருந்தார்கள். குனியாதே, வெயிலில் போகாதே, ஈரத்தில் நிற்காதே. அக்கறைதான், எனக்குத் தெரியும். ஆனால் காலேஜுக்கு இரண்டு பஸ் மாறிப் போய் வந்த கால்கள் இவை. பால் கொடுக்கும் நேரமெல்லாம் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு விவசாய வீடியோக்கள் பார்த்துக்கொண்டிருந்தேன். “பால் குடிக்கற புள்ளைக்கு எதுக்கு உழவு?” என்று மாமியார் கேட்பார். குழந்தையும் ஒரு கண்ணால் டிராக்டரைப் பார்த்தபடிதான் குடிக்கும்.

ஊறிய நெல்லைச் சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடி, மேலே கல் ஏற்றினேன். மறுநாள் சாக்குக்குள் கையை விட்டால் கதகதவென்று இருந்தது. வெள்ளை வெள்ளையாக முளை! அதே சந்தோஷத்தோடு வாய்க்காலுக்கு ஓடினேன். பாளம் பாளமாக வெடித்த மண்ணில் ஒரு ஆடு நின்றுகொண்டிருந்தது. மேலே எங்கோ மதகுப் பக்கம் கரை உடைந்து, தண்ணீரை நிறுத்திவிட்டார்களாம். எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

முளை கட்டிய விதை யாருக்காகவும் காத்திருக்காது. இன்னும் ஒரு நாள் சாக்கில் கிடந்தால் வேர் பின்னிக்கொள்ளும், தெளிக்க முடியாது. விஷயம் எப்படித்தான் போனதோ, சாயங்காலமே சின்ன மாமா வந்துவிட்டார்.

“தண்ணி வராம யாராச்சும் வெதய ஊறப்போடுவாங்களா அண்ணி? போனைப் பாத்து வெள்ளாம பண்ணுனா இப்பிடித்தான்.”

அவர் போன பிறகு மாமியார் என் பக்கம் திரும்பி, “கொடுத்துடுவமாம்மா?” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவ்வளவு மெதுவாகக் கேட்டதுதான் என்னைச் சுருக்கென்று தைத்தது.

“வயல்லதான தண்ணி இல்ல? கொளத்துல கொஞ்சம் கெடக்குல்ல?” என்றேன்.

குளத்துத் தண்ணீர் வயலுக்குக் காணாது. பூவாளிக்குக் காணும். பாய் நாற்றங்கால் என்று வீடியோவில் பார்த்திருந்தேன். தரையில் பிளாஸ்டிக் விரித்து, சலித்த மண்ணும் மக்கிய எருவும் கலந்து மெல்லிசாகப் பரப்பி, அதன்மேல் விதையை நெருக்கமாகத் தெளிப்பது. வேர் கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில் பின்னி, நாற்று பாயாகவே எழும்பும். கொல்லையில் இடம் இருந்தது. பிளாஸ்டிக்குக்கு? பரண்மேல் எங்கள் கல்யாண ஃபிளெக்ஸ் பேனர் இருந்தது. கோட்டு சூட்டில் கணவர், பக்கத்தில் நான், சுற்றிலும் கைகூப்பிய சொந்தக்காரர்கள்.

“எம்புள்ள மூஞ்சிலயா எருவக் கொட்டப் போற?”

“திருப்பித்தான் போட்டிருக்கேன் அத்தை.”

“அப்ப மண்ணுல குப்புறக் கெடக்கானா? நல்லாருக்கு!”

திட்டிக்கொண்டே சல்லடையை எடுத்து வந்து மண் சலிக்க உட்கார்ந்தார். விதை எல்லாவற்றுக்கும் இடம் போதவில்லை. மிச்சம் மாட்டுக்குப் போனது. மனசு அடித்துக்கொண்டது, ஆனால் நின்று வருத்தப்பட நேரமில்லை. காலையும் மாலையும் குளத்திலிருந்து குடத்தில் தண்ணீர். நான் கண்ணில் மறைந்தால் குழந்தை வீரிட்டது. இடுப்பில் வைத்தால் குடம் தூக்க முடியாது. கடைசியில் கொல்லைக் கொய்யாமரத்தில் தூளி கட்டினோம். அதிலிருந்து இறக்கிவிட்ட நேரத்தில் குழந்தை எருவில் ஒரு வாய் தின்றும் பார்த்தது. கோழி விரட்டும் வேலையை மாமியார் எடுத்துக்கொண்டார். கோழியைத் திட்டும் சாக்கில் என்னையும் திட்டினார்.

இரண்டு வாரத்தில் கொல்லை பச்சையானது. வாய்க்காலில் தண்ணீரும் வந்தது. ஊரில் மற்றவர்கள் அப்போதுதான் விதை ஊறவைத்தார்கள். நாங்கள் உழுது, சேறடித்து, நாற்றைத் துண்டு துண்டாக வெட்டிப் பாய் போலச் சுருட்டிக்கொண்டு வயலுக்குப் போனோம். நடவு நட வந்த அக்காக்கள் சிரித்துத் தீர்த்தார்கள்.

“என்னா தங்கச்சி, இது நாத்தா, கொத்தமல்லியா?”

“நட்டுப் பாருங்கக்கா, அப்புறம் சொல்லுங்க.”

“நாங்க நட்டுடுவோம். நண்டு இதை வெத்தலயா மென்னுடும் பாத்துக்க.”

நண்டு வரவில்லை, மழை வந்தது. குட்டை நாற்று, தண்ணீர் நின்றால் மூழ்கி அழுகிவிடும். விடிந்ததும் மண்வெட்டியோடு ஓடினேன். வயல் குளமாகக் கிடந்தது. நாற்றின் நுனிகூடத் தெரியவில்லை. வடிகால் பக்கம் வரப்பை வெட்டினேன். மண் சரிந்து அடைத்தது, மறுபடி வெட்டினேன். முழங்கால் சேற்றில் நின்று, பால் கட்டி மார்பு வலிக்க, விடாமல் வெட்டினேன். மாமியார் குடையும் குழந்தையுமாக வரப்பில் வந்து நின்றார். வீட்டுக்கு வா என்பார் என்று நினைத்தேன்.

“அந்த மூலையிலயும் ஒரு வெட்டு வெட்டு. பள்ளம் அங்கதான். மொதல்ல இவளுக்குப் பாலக் குடுத்துட்டுப் போ.”

வரப்பில் உட்கார்ந்து, சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பால் கொடுத்தேன். குடைக்கு வெளியே வயல் தண்ணீர் மெல்ல வடிந்துகொண்டிருந்தது. அம்மாவாக இருப்பதற்கு என்று தனியாக ஓர் இடம் இருப்பதாக அதுவரை எல்லோரும் சொன்னதை நான் பாதி நம்பித்தான் இருந்தேன். இதற்குப் பிறகு நம்பவில்லை.

ஒரு மூலையில் நாற்று போய்விட்டது. மற்றதெல்லாம் பச்சை பிடித்தது. கொல்லையில் மிச்சமிருந்ததைக் கொண்டு மூலையை நிரப்பி நட்டோம்.

அடுத்த வாரம் சின்ன மாமா வயலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். “பரவால்ல, நிக்குது” என்றார். “இந்தச் சம்பா போவட்டும் அண்ணி. கோடைக்கு உளுந்து நான் வெதச்சிக்கறேன். புள்ள நடக்க ஆரம்பிச்சா இதுக்கு ஏது நேரம்?”

மாமியார் என்னைப் பார்த்தார். பதிலை என்னிடமே விட்டுவிட்டார்.

“புள்ள நடந்தா வரப்புல நடந்து பழகட்டும் மாமா” என்றேன். “உளுந்தும் நாங்கதான் போடுறோம். நெலம் குத்தகைக்கு இல்லீங்க.”


அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “டீ சாப்பிட்டுட்டுப் போ தம்பி” என்று சொல்லிவிட்டு மாமியார் அடுப்படிக்குப் போனார்.