பேஸ் பெட்டியில் ஒட்டிய மஞ்சள்

நம் வீட்டில் பாட்டுப் போடுகிற பேஸ் பெட்டிகளில் பழையதை எடுத்துப் பாருங்கள். அதன் வலது பக்கம், தோல் வாருக்குக் கொஞ்சம் கீழே, மூன்று விரலால் இழுத்த மாதிரி ஒரு மஞ்சள் கறை இருக்கும். பெட்டிக்கு இரண்டு தடவை கறுப்பு வண்ணம் அடித்தாயிற்று. இரண்டு தடவையும் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத்தான் அடித்தேன். போன ஞாயிற்றுக்கிழமை பெரியவள் ஈரத்துணியால் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டே வந்து, அந்தக் கறையில் சோப்பு வைத்துத் தேய்க்கப் போனாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துவிட்டேன். "இன்னாப்பா, அழுக்குதானே?" என்றாள். அழுக்கு இல்லை என்று சொன்னேனே தவிர, என்னவென்று நின்ற இடத்தில் சொல்ல வரவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மைக்கில் பேசுவது உங்கள் அம்மா, ஒயர் இழுப்பது நான் என்று நம் தொழிலையே அப்படித்தான் பிரித்துக்கொண்டோம். அதனால் எழுதிவைக்கிறேன். நீங்கள் இருவரும் படியுங்கள். கல்யாணத்துக்குப் பாட்டுப் போடுகிற வேலையா என்று யாராவது உங்களிடம் சிரித்தால், அவர்களுக்கும் படிக்கக் கொடுங்கள்.

நம் செட் இன்றைக்கு ஜவ்வாது மலை முழுக்கப் போகிறது, கீழே போளூர் வரைக்கும் இறங்குகிறது. ஆனால் நாங்கள் தொடங்கியபோது மலையில் ஒருவரிடமும் சொந்தமாக டிஜே செட் கிடையாது. கல்யாணம் என்றால் கீழேயிருந்து வண்டி வரும். கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்கு ஒரு பேச்சு, மழை வந்தால் இன்னொரு பேச்சு. சில நேரம் பாதி வழியில் திரும்பிப் போயும் விடுவார்கள். உங்கள் அம்மா அப்போது வாணியம்பாடிப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தாள். நான் மைக் செட் கட்டுகிறவரிடம் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். நாமே ஒன்று வைத்தால் என்ன என்று முதலில் கேட்டது அவள்தான். பழைய பெட்டிகளை வாங்கி வந்ததும், கம்பெனியில் கழித்துப் போட்ட தோலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பெட்டிக்கும் நாலு பக்கமும் வார் தைத்தாள். "மலைல வண்டி பாதியில நின்னுடும். மீதிய ஆளுதான் தூக்கணும்" என்றாள். கடையில் விற்கிற பெட்டிக்கு அப்படி வார் இருக்காது. அந்த வார்தான் பின்னால் எங்களைக் காப்பாற்றும் என்று அன்றைக்கு அவளுக்கே தெரியாது.

செட் தயாராகியும் கூப்பிட ஆள் இல்லை. காதுகுத்து, பொங்கல் விளையாட்டு என்று சின்னச் சின்னதாகத்தான் வந்தது. கல்யாணம் என்றால் நம் சனமே நம்பவில்லை. "மலைக்காரன் செட்டு, மாட்டுக் கொட்டாய்ல கேக்கற ரேடியோ மாதிரிதான் இருக்கும்" என்று பேச்சு. இந்த நிலையில்தான் மேல்பக்கத்து ஊரில் ஒரு பெண்ணின் அப்பா எங்களைக் கூப்பிட்டார். மாப்பிள்ளை வீடு போளூர்ப் பக்கம். அவர்கள் தங்கள் ஊர் செட்டைக் கொண்டுவருகிறோம் என்று சொல்லியும், "பொண்ணு வூட்டுப் பாட்டு எங்க மலைப் பாட்டாத்தான் இருக்கணும்" என்று அவர் ஒற்றைக்காலில் நின்றுவிட்டார். அந்த ஒரு கல்யாணத்தில் நாங்கள் தவறியிருந்தால் எங்கள் செட்டோடு அவருடைய தலையும் சம்பந்தி முன்னால் தாழ்ந்திருக்கும். அடுத்த கல்யாணம் எங்களுக்கு வந்திருக்காது.

மாப்பிள்ளை அழைப்பு, ஊர் முனையில் வண்டிகள் வந்து நிற்கிற பெரிய ஆலமரத்தடியில். அந்த மரத்தில் வருடா வருடம் மலைத்தேனீ வந்து அடை கட்டும். அந்த வருடம் அடை எடுத்தாயிற்று, ஈ போய்விட்டது என்று ஊரில் சொன்னார்கள். நானும் அண்ணாந்து பார்த்தேன். வழக்கமாகக் கட்டுகிற கிளை வெறுமையாக இருந்தது. நிழலில் பெட்டிகளை அடுக்கினேன், ஜெனரேட்டரைத் தள்ளி வைத்தேன். உங்கள் அம்மா லேப்டாப்பையும், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரையும் ஒரு கட்டில்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெயில் சாய்கிற நேரத்துக்கு மாப்பிள்ளை வீட்டு வேன்கள் வந்தன. மாப்பிள்ளையின் சித்தப்பா முதலில் இறங்கினார். மீசையை நீவிக்கொண்டே எங்கள் பெட்டிகளைச் சுற்றி வந்து, "இன்னாம்மா, பொட்டில பாட்டு கீதா, கேழ்வரகு கீதா?" என்றார். பின்னாலேயே மாப்பிள்ளையின் கூட்டாளிகள். ஒருவன் கையில் சரவெடிக் கட்டு. "அக்கா, பேஸ் ஏத்துக்கா, மலை இடியணும்!" என்று கத்தினார்கள்.

நான் பேஸை ஏற்றினேன். மூன்று அடியோ நான்கு அடியோ விழுந்திருக்கும். நெஞ்சுக்குள் இறங்குகிற மாதிரி நல்ல அடி. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதற்குள் உங்கள் அம்மா கையை நீட்டி பேஸை ஒரேயடியாகக் கீழே இழுத்துவிட்டாள். பாட்டு வெறும் கீச்சுக் குரலாக ஓடியது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாமே பண்ற?" என்று சீறினேன். அவள் என் முழங்கையைக் கிள்ளி, உதட்டை அசைக்காமல் சொன்னாள்: "மேல பாக்காத மாதிரி பாருய்யா."

பார்த்தேன். வழக்கமான கிளைக்குப் பின்னால், இலை மறைப்பில் இன்னொரு கிளை. அதில் முறத்தைவிடப் பெரிதாக ஒரு அடை தொங்கியது. அதன்மேல் ஈக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்பாகப் போர்த்தியிருந்தன. அந்தக் கறுப்பின்மேல், காற்றில் துணி அலைகிற மாதிரி, மேலிருந்து கீழே ஒரு அலை ஓடியது. மலையில் பிறந்த யாருக்கும் அந்த அலை தெரியும். ஈ எச்சரிக்கிறது என்று பொருள். இன்னும் கொஞ்சம் அதிர்ந்தால், இல்லை அந்தச் சரவெடி வெடித்தால், கீழே நிற்கிற குழந்தைகள், கிழவர்கள், மாலையோடு நிற்கிற மாப்பிள்ளை, ஒருவரும் தப்ப முடியாது. ஈ என்று மைக்கில் சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். உங்கள் அம்மா கண்ணாலேயே வேண்டாம் என்றாள். சொன்னால் கூட்டம் அலறி ஓடும். ஒருத்தன் கல்லெடுப்பான், ஒருத்தன் புகை போடப் போவான். எல்லாம் முடிந்து, தேன்கூட்டுக்கடியில் சம்பந்தியை நிற்கவைத்த வீடு என்று அந்தப் பெண்ணுக்குக் காலத்துக்கும் பேர் நிற்கும்.

அதற்குள் கூட்டாளிகள் தொடங்கிவிட்டார்கள். "அக்கா, பேஸ் எங்கக்கா? கரடி தின்னுட்ச்சா?" சித்தப்பா சிரித்தார்: "நான் சொல்லல? கீழேருந்து செட்டு கொண்டாந்திருக்கணும்." பெண்ணின் அப்பா தூரத்தில் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு என்னையே பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் இப்போதும் மறக்க முடியவில்லை.

உங்கள் அம்மா பாட்டை நிறுத்திவிட்டு மைக்கை எடுத்தாள். அவசரமே இல்லாத குரல். "மாப்ள வூட்டுக்காரங்க எல்லாருக்கும் வணக்கம்ங்க. பேஸ் எங்கன்னு கேக்கறீங்க. எங்க மலைல ஒரு மொறை கீதுங்க. பாட்டுப் பொட்டியும் சீர்தான். மாப்ள வூட்டு ஆளுங்க பொட்டியத் தலைமேல தூக்கினு வந்து, பொண்ணு வூட்டுக் களத்துல எறக்கணும். பொட்டி எறங்கறவரைக்கும் வெடி கெடையாது, ஆட்டம் கெடையாது, சத்தமே கெடையாதுங்க."

அப்படி ஒரு முறை எங்கள் மலையில் கிடையவே கிடையாது. பெண் வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெண்ணின் அத்தை மட்டும் உங்கள் அம்மாவை உற்றுப் பார்த்தார், பிறகு மெல்ல மரத்தைப் பார்த்தார். பார்த்த கையோடு ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். "ஆமாங்க, எங்க மாமியார் காலத்துலேருந்து அதான் மொறை" என்றார்.

சித்தப்பா விடவில்லை. "ஏம்மா, ஒங்க மாமியார் காலத்துல இந்த மலைல கரண்டே கெடையாதே!"

"கரண்டு இல்லாததாலதான் தலைல தூக்குனாங்க" என்றார் அத்தை.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சித்தப்பாவும் சிரித்துவிட்டார். உங்கள் அம்மா அந்தச் சிரிப்பு ஆறுவதற்குள், "தூக்க முடியலன்னா சொல்லிடுங்க தம்பி. எங்கூட்டுப் பொண்ணுங்க தூக்கினு வந்துடும்" என்று கூட்டாளிகளைப் பார்த்துச் சொன்னாள். அவ்வளவுதான். சரவெடியைப் பையில் போட்டுவிட்டுத் துண்டை உருவித் தலைக்குச் சும்மாடு சுற்றத் தொடங்கினார்கள். அத்தை மூன்று விரலை மஞ்சளில் தோய்த்து முதல் பேஸ் பெட்டியில் இழுத்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு மூத்த ஆள் நான்தான் என்று சொல்லிக்கொண்டு சித்தப்பாவே அந்தப் பெட்டிக்குத் தலை கொடுத்தார். தோல் வாரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நாலு பேர் தாங்கினார்கள். வார் இல்லாவிட்டால் அந்தப் பெட்டி மேட்டில் ஏறியிருக்காது.

முன்னால் மஞ்சள் தட்டு, அதற்குப் பின்னால் மாப்பிள்ளை, அவருக்குப் பின்னால் வரிசையாகப் பெட்டிகள். சத்தமே இல்லாமல் சாமைக் காட்டு வரப்பில் ஊர்வலம் போனது. கல்யாணக் கூட்டம் அவ்வளவு அமைதியாகப் போய் நான் பார்த்ததில்லை. முறை என்றால் மனிதர்களுக்குத் தன்னால் ஒரு மரியாதை வந்துவிடுகிறது. உங்கள் அம்மா கடைசி ஆளும் மரத்தடியை விட்டுப் போகிறவரை அங்கேயே நின்றாள். பிறகுதான் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். அவள் ரவிக்கை முதுகெல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது. நான் பக்கத்தில் போய், "பயமா இல்லியா?" என்று கேட்டேன். "பேசாம நட. திரும்பி மரத்தப் பாக்காத" என்றாள்.

களம் மேட்டுக்கு அந்தப் பக்கம். ஜெனரேட்டரையும் அங்கே கொண்டுவந்து, பெட்டிகளை மரத்துக்கு முதுகு காட்டி வைத்தோம். அதற்குப் பிறகு போட்டோம் பாருங்கள், ஒரு பாட்டு! பெட்டி தூக்கியவர்கள் அதைத் தங்கள் பெட்டி மாதிரி நினைத்து ஆடினார்கள். சித்தப்பா துண்டைச் சுழற்றி ஆடியதில் மீசையே கலைந்துவிட்டது. பெண்ணின் அப்பா வந்து என் தோளில் கை வைத்து அழுத்தினார். அத்தை அவரிடம் காதோடு சொல்லியிருப்பார் போல.

மறுநாள் தாலி கட்டி முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் வேன் ஏற வந்தார்கள். நானும் உங்கள் அம்மாவும் வழியனுப்பப் போனோம். சித்தப்பா வேன் படியில் கால் வைத்தவர், ஏதோ நினைத்துக்கொண்டவராக அண்ணாந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றார். அடையைப் பார்த்தார், முதல்நாள் பெட்டி வைத்த இடத்தைப் பார்த்தார், பையிலிருந்து எட்டிப் பார்த்த சரவெடியைப் பார்த்தார். பிறகு உங்கள் அம்மாவைப் பார்த்தார். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். டிரைவரிடம் போய், "ஆரன் அடிக்காத. இஞ்சினே போடாத. எறக்கம்தானே, தள்ளிவுட்டுக்கலாம்" என்றார். கூட்டாளிகள், "இன்னா சித்தப்பா, இதுவும் மலை மொறையா?" என்று கேட்க, "ஆமாண்டா, தள்ளுங்க" என்றார். வேன்கள் ஓசையில்லாமல் இறங்கிப் போனதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

அவர் வாயால்தான் நம் செட்டின் பேர் கீழே பரவியது. தன் வீட்டுக் கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிட்டபோது, பெட்டியைத் தலையில் தூக்கத் தானே ஆள் நிறுத்தி வைத்திருந்தார். அங்கே மரமும் இல்லை, ஈயும் இல்லை. அதைப் பார்த்த இன்னொரு வீட்டிலும் கேட்டார்கள். பிறகு மலையிலேயே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். போன தை மாதம் ஒரு கல்யாணத்தில், நேரமாகிவிட்டதே என்று நான் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றப் போனேன். ஒரு பெரியவர் கோலை ஊன்றிக்கொண்டு வந்து என்னைத் திட்டினார். "சீர்ப் பொட்டிய வண்டில தள்ளுவியா? எங்க தாத்தா காலத்து மொறைடா இது. நீ இன்னா நேத்துப் பொறந்தவன், மாத்தறதுக்கு?" என்றார். தப்புதான் தாத்தா என்று தலையைச் சொறிந்தேன். உங்கள் அம்மா லேப்டாப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

முறைகளெல்லாம் யார் செய்து வைத்தது என்று எனக்குத் தெரியாது. ஒன்றே ஒன்று பிறந்ததை மட்டும் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதைப் பெற்றவள் உங்களுக்குச் சோறு பிசைந்து கொடுக்கிறவள்தான். அவள் இதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியவள் கையைப் பிடித்தேன் இல்லையா? அப்போது அம்மா உள்ளேயிருந்து மஞ்சள் கிண்ணத்தோடு வந்தாள், மறுநாள் கல்யாணத்துக்கு. பழைய கறைமேலேயே மூன்று விரலை வைத்துப் புதிதாக இழுத்தாள். பெரியவள் கையிலிருந்த ஈரத்துணியை வாங்கிப் பிழிந்து, உதறி, வளையமாகச் சுற்றி, அவள் தலையிலேயே வைத்து அழுத்தினாள். "நாளைக்கு மாப்ள வூட்ல ஆளு கம்மியாம். நீயும் ஒரு பக்கம் புடி" என்றாள்.